சொல் தெரிந்தபின் தொடு

பெயின்டருக்கு ஒரு பழக்கம். எதையும் அடியிலிருந்துதான் ஆரம்பிப்பார். சுவரைச் சுரண்டாமல், பட்டி பார்க்காமல், பிரைமர் அடிக்காமல் வண்ண டப்பாவைத் திறக்கவே மாட்டார். "சீக்கிரம் முடிச்சுக் குடுங்களேன்" என்று வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் போதும், "அப்ப வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தொழிலில் இது அவருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது. தொழிலுக்கு வெளியே அவரைக் கொண்டுபோய் எந்தக் குழியில் தள்ளியது என்பதுதான் விஷயம்.

மகள் பார்சலில் ஒரு புதுப் போன் அனுப்பியிருந்தாள். பெரிய திரை, பளபளவென்று கண்ணாடி மாதிரி. அவள் எங்கோ தூர தேசத்தில், கடல் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் நர்ஸ். அப்பாவின் பழைய பட்டன் போனில் கூப்பிட்டு விவரம் சொன்னாள்.

"அப்பா, பழைய போன்ல இருக்கற சிம்மை எடுத்துப் புதுசுல போடச் சொல்லுங்க, கடைல போட்டுக் குடுப்பாங்க. மத்ததெல்லாம் நான் போட்டே அனுப்பியிருக்கேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வீடியோ கால் பண்ணுவேன். மணி அடிச்சா பச்சையைத் தொடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்பா. நான் கட்டிக்கப்போறவரும் என் பக்கத்துல இருப்பார். நீங்க பாத்துச் சரின்னு சொன்னா அன்னிக்குச் சாயங்காலமே ரெஜிஸ்டர் பண்ணிக்கறோம். மறுநாள் விடிஞ்சதும் கப்பல் கிளம்பிடும். அப்புறம் ஆறு மாசத்துக்கு சிக்னலே கிடையாது."

"ஒருவேளை நான் பாக்க முடியாமப் போச்சுன்னா?"

"நீங்க பாக்காம நான் பண்ணிக்க மாட்டேன்பா. அம்மா இருந்திருந்தா ஆளைப் பாத்த உடனே சொல்லியிருப்பாங்க. இப்ப நீங்கதானே சொல்லணும்."

பெயின்டர் சரி சரி என்று வைத்துவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இந்த மாதிரி ஒரு பெரிய வேலையை யாரும் அவர் தலையில் வைத்ததில்லை.

'பச்சையைத் தொடுங்க, அவ்வளவுதான்' என்று மகள் சொன்னது அவருக்கு ஒப்பவில்லை. சுரண்டாத சுவரில் பெயின்ட் அடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது. தப்பாக எதையாவது தொட்டுத் தொலைத்து, படம் போய்விட்டால்? பிள்ளையின் முகம் வருகிற நேரத்தில் முழித்துக்கொண்டு நிற்கிறதா? அடியிலிருந்து முறையாகக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். அப்போதுதான் கடைத்தெருக் கோடியில் அந்தப் பலகை கண்ணில் பட்டது: 'தொடக்கநிலையினர் இணைய, பல்லூடகச் சொல் விளக்க மையம். அனுமதி இலவசம்.' பலகையின் பெயின்ட் குமிழ்விட்டு உரிந்திருந்தது. பிரைமர் அடிக்காத வேலை. அதைப் பார்த்தாவது திரும்பியிருக்கலாம், விதி யாரை விட்டது.

உள்ளே நீள அறை. இரண்டு வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, அதன் மேல் துணி உறை, அதன் மேல் 'தொடாதீர்' என்று ஓர் அட்டை. எதிர்ச் சுவரில் கொட்டை எழுத்தில் மையத்தின் கொள்கை: சொல் தெரிந்தபின் தொடு.

வரவேற்றவர் விளக்க அலுவலர். அந்த மையத்தில் சொற்களை விளக்குவதற்கென்றே அரசு நியமித்த அதிகாரி. முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. பெயின்டர் போனை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு என் பொண்ணு கூப்பிடுவா சார். எடுத்துப் பேசத் தெரிஞ்சா போதும்."

விளக்க அலுவலர் போனைக் கண்டதும் பாம்பைக் கண்ட மாதிரி ஓரடி பின்வாங்கினார்.

"முதல்ல அதை ஒப்படைச்சிடுங்க."

"எதை சார்?"

"கருவியை. சொல் தெரியறதுக்கு முன்னாடி கருவி கையில இருந்தா என்ன ஆகும் தெரியுமா? தொடுவீங்க. தொட்டா என்ன ஆகும்? பழகிடும். பழகிடுச்சுன்னா அப்புறம் என் விளக்கத்தை யார் கேப்பாங்க?"

பெயின்டர் யோசித்தார். பட்டி காய்வதற்குள் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று அவரே எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறார்! நியாயமாகத்தான் பட்டது. போனைக் கொடுத்துவிட்டார்.

மையத்தின் ஸ்டோர்கீப்பர் அதை வாங்கி, வராந்தாவில் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். அவர் ரொம்ப நேர்மையானவர். "ஒப்படைச்ச பொருள் ஒப்படைச்ச நிலைமைலயே திரும்பிப் போகணும், அது விதி" என்றார். "உங்க போன் ஓடிக்கிட்டிருந்த நிலைமைல, முழுச் சார்ஜோட வந்திருக்கு. அப்படியேதான் இருக்கும்." அதற்காக அவர் பீரோவின் முதுகில் துளை போட்டு, சார்ஜர் ஒயரை உள்ளே விட்டு, ராப்பகலாகச் சார்ஜ் ஏற்றினார். போனை யாரும் பார்க்க முடியாது, தொட முடியாது. ஆனால் அது மட்டும் உள்ளே சௌக்கியமாக இருந்தது.

"எப்ப சார் திரும்பக் கிடைக்கும்?" என்று பெயின்டர் விளக்க அலுவலரிடம் கேட்டார்.

"மூன்றாம் நிலை முடிஞ்சதும். இல்லைன்னா துறை இயக்குநர் வாய்திறந்து உத்தரவு போடணும்."

"மூன்றாம் நிலை எப்ப முடியும்?"

"இதுவரைக்கும் யாரும் முடிச்சதில்ல" என்றார் விளக்க அலுவலர், பெருமையோடு.

மகளின் நம்பர் அந்தப் போனுக்குள். கடையில் மாற்றிப் போட்ட சிம்மும் அதற்குள். வேறு எந்தப் போனில் கூப்பிட்டாலும் அவளைப் பிடிக்க வழியில்லை. நல்லா மாட்டிக்கிட்டோம்டா என்று பெயின்டர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மறுநாள் காலை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது?

வகுப்பு ஆரம்பித்தது. விளக்க அலுவலர் கையால் விளக்குகிறவர், காலால் விளக்குகிறவர், ஆளை வைத்து விளக்குகிறவர். கம்ப்யூட்டரை வைத்து மட்டும் விளக்க மாட்டார்.

"சர்வர்னா என்ன? கேக்கறவங்களுக்கு எடுத்துக் குடுக்கற இடம். பேக்கரி அக்கா, நீங்க எழுந்து நில்லுங்க. நீங்கதான் சர்வர். பிரவுசர்னா என்ன? அங்க போய்க் கேட்டு வாங்கிட்டு வந்து நமக்குக் காட்டற ஆள். பெயின்டர், நீங்க பிரவுசர். போங்க, போய் ஒரு பக்கம் கேளுங்க."

பேக்கரி அக்கா என்பவர் கடைத்தெருவில் பன்னும் பிஸ்கட்டும் விற்கிறவர். கடைக்கு ஆன்லைனில் ஆர்டர் வாங்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வந்து, மூன்றாவது வருஷமாக முதல் நிலையிலேயே உட்கார்ந்திருந்தார். பெயின்டர் எதிரே போய் நின்றதும், "என்ன வேணும்?" என்று பழக்க தோஷத்தில் கேட்டார்.

"ஒரு பக்கம் வேணுமாம்."

"தீந்து போச்சு. நாளைக்கு வாங்க."

"அற்புதம்!" என்று விளக்க அலுவலர் கைதட்டினார். "சர்வர்ல பக்கம் கிடைக்கலைன்னா இப்படித்தான் பதில் வரும். எல்லாரும் மனசுல ஏத்திக்குங்க."

டவுன்லோட் பாடம் மத்தியானம். இணையத்தில் இருப்பதை நம் பக்கம் இறக்கிக்கொள்வது டவுன்லோட், நம்மிடம் இருப்பதை அங்கே ஏற்றுவது அப்லோட். இதை உடம்பில் ஏற்றுவதற்காக மாடியில் கிடந்த பழைய மேசை நாற்காலிகளை எல்லாரும் கீழே இறக்கினார்கள். இறக்கி முடித்து மூச்சு வாங்கும்போது, "இப்ப அப்லோட்" என்றார் விளக்க அலுவலர். குறுகலான படியில் ஒரு நேரத்துக்கு ஒரு மேசைதான் போகும் என்பதால் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அது பேண்ட்வித்தாம். பேண்ட்வித் அகலமாக இருந்தால் நிறையப் போகும், குறுகினால் திக்கித் திக்கித்தான் போகும். பெயின்டருக்கு இது நன்றாகவே புரிந்தது. இடுப்பும் பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள் வைரஸ் பாடம். வகுப்புக்கு வந்திருந்த தபால்காரர் ஒருவருக்கு ஜலதோஷம். அவர் தும்மியதும் எல்லாரையும் பார்க்கச் சொல்லி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிற கெட்ட நிரல்தான் வைரஸ் என்று விளக்கி, அவரைச் சன்னல் வழியாக வெளியே அனுப்பினார்கள். கதவு வழியாக அனுப்பினால் விளக்கம் கெட்டுவிடுமாம்.

பிக்சல் பாடம் வந்தபோது பெயின்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் தெரிகிற படம் முழுக்கக் குட்டிக் குட்டிப் புள்ளிதான், புள்ளி கூடக் கூடப் படம் தெளிவாகும் என்று விளக்க அலுவலர் சொன்னார்.

"அப்ப மூஞ்சி நல்லாத் தெரியும் இல்லீங்களா சார்?"

"எந்த மூஞ்சி?"

"வீடியோ கால்ல வர்ற மூஞ்சி."

"வீடியோ கால் மூன்றாம் நிலை. நீங்க முதல் நிலை. முதல் நிலைல மூஞ்சி கிடையாது, புள்ளி மட்டும்தான்."

பெயின்டர் மெதுவாகச் சொன்னார், "சார், எனக்கு இந்தச் சொல்லெல்லாம் வேணாம். போனைக் குடுத்திடுங்க. என் பொண்ணு கல்யாணம் சார் அது."

விளக்க அலுவலருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் பெயின்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"பாருங்க, கருவி இன்னிக்கு ஒண்ணு வரும், நாளைக்கு ஒண்ணு வரும். சொல் நிலைச்சு நிக்கும். இருபது வருஷமா இதே நாற்காலில உக்காந்து விளக்கறேன். இதுவரைக்கும் ஒரு கருவியைக்கூட நான் தொட்டதில்ல. அதனாலதான் என் விளக்கம் இவ்வளவு சுத்தமா இருக்கு. தொட்டவன் எல்லாம் குழம்பிப் போயிருக்கான். நம்ம எதிர்வீட்டுப் பையன் நாள் முழுக்கப் போனைத் தொடறான், பிக்சல்னா என்னன்னு கேட்டா முழிக்கிறான். உங்களுக்கு அந்த நிலைமை வரக்கூடாது."

பெயின்டர் ஸ்டோர்கீப்பரிடம் போய் நின்றார். அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் சாவிக்கொத்தை மட்டும் இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார். "இயக்குநர் சனிக்கிழமை ஆய்வுக்கு வர்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னா நான் அடுத்த நிமிஷம் திறந்துடுவேன். எப்படியாவது அவர் கண்ணுல படற இடத்துல நில்லுங்க" என்று காதோடு காதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. இயக்குநரின் உரை நேரலையாக ஒளிபரப்பாகும் என்று விளக்க அலுவலர் அறிவித்தார். முன்னறையில் இயக்குநர் பேசுவார், வராந்தாவைத் தாண்டிப் பின்னறையில் விருந்தினர்கள் பார்ப்பார்கள். மையத்தில் இணைய இணைப்பு இருந்தது. ஆனால் யாரும் அதை ரிப்பன் வெட்டி முறைப்படி திறந்து வைக்காததால் பயன்படுத்த முடியாது. அதனால் ஆட்களை வைத்தே நேரலை. இயக்குநர் பக்கத்தில் பேக்கரி அக்கா, சர்வர். வராந்தா நெடுக ஓய்வுபெற்ற பாங்க் ஊழியர்கள் மூன்று பேர், கேபிள். பின்னறை வாசலில் குரல் வளமுள்ள பஸ் கண்டக்டர், ஸ்பீக்கர். இயக்குநர் ஒரு வாக்கியம் சொன்னதும் காதோடு காதாகக் கடத்திக் கடைசியில் கண்டக்டர் உரக்கச் சொல்ல வேண்டும்.

"சார், நான் எங்க நிக்கட்டும்? இயக்குநர் கண்ணுல படற மாதிரி ஒரு இடம் குடுங்க" என்று பெயின்டர் முந்திக்கொண்டு கேட்டார்.

"நீங்க பஃபரிங். வராந்தா நடுவுல. வாக்கியம் வந்து சேரத் தாமதமாகும்போது நீங்க வட்டமா சுத்தணும். வந்துக்கிட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்கன்னு பாக்கறவங்களுக்கு அர்த்தம். வந்து சேர்ந்ததும் நிக்கணும். ரெண்டு அறைலேருந்தும் உங்களைப் பாக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பாதியில நின்னீங்கன்னா உங்களை முதல் நிலையிலேருந்தே எடுத்துடுவேன். கருவி பத்தி அப்புறம் பேச்சே இல்ல" என்றார்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு இயக்குநர் வந்தார். நல்ல பருமன், கணீர்க் குரல், பேசுவதற்கென்றே பிறந்த உடம்பு. வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார்.

"தொடர்பு என்பது என்ன? ஓரிடத்தில் இருப்பவர், இன்னோர் இடத்தில் இருப்பவருக்கு, தாம் சொல்ல விரும்புவதை, அவர் கேட்க விரும்புகிறாரா என்று ஒருபோதும் கேட்காமல், கொண்டுபோய்ச் சேர்ப்பதே தொடர்பு!"

பேக்கரி அக்கா முதல் கேபிளின் காதில், "தொடர்பு ரொம்ப முக்கியமாம்" என்றார். பின்னறையில் போய்ச் சேரும்போது அது, "தொண்டை ரொம்ப முக்கியமாம்!" என்று முழங்கியது. விருந்தினர்கள் தலையாட்டினார்கள்.

"சர்வர் சுருக்கிடுச்சே" என்று இயக்குநர் முகம் சுளித்தார்.

"அது கம்ப்ரெஷன் சார்" என்று விளக்க அலுவலர் பாய்ந்து வந்தார். "பெரிய ஃபைலை அப்படியே அனுப்பினா நேரமாகும். தேவையில்லாததை எல்லாம் எடுத்துட்டு அனுப்பறதுதான் வழக்கம்."

"என் பேச்சுல எவ்வளவு எடுத்தாங்க?"

"முக்கால்வாசி சார். கேக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

இயக்குநர் திருப்தியோடு தொடர்ந்தார். வாக்கியங்கள் நீண்டன. நடு கேபிளுக்குக் காது கொஞ்சம் மந்தம். வாக்கியம் அவரிடம் வந்து தேங்கி நிற்க, பெயின்டர் சுற்றினார். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் பீரோ வந்து போனது, முன்னறைச் சுவர்க் கடிகாரம் வந்து போனது. நாலு அடிக்கப் போகிறது. நாலு அடித்தேவிட்டது.

பீரோ மணி அடித்தது.

இரும்புக்குள்ளிருந்து கும் கும்மென்று பாட்டு மாதிரி ஒரு சத்தம். இயக்குநர் பேச்சை நிறுத்தினார். "அது என்ன?"

விளக்க அலுவலருக்கு வேர்த்துவிட்டது. ஆனால் விளக்கம் கைவிடவில்லை. "ஆடியோ சார். பல்லூடகப் பகுதி."

"நல்லா இருக்கே! வீடியோ எங்க?"

"உள்ள பூட்டி வெச்சிருக்கோம் சார்."

"திறங்க, பாப்போம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஸ்டோர்கீப்பர் காத்திருந்தார்! ஓடிப்போய்த் திறந்தார். போன் உள்ளே மின்னி மின்னி அதிர்ந்தது. ஸ்டோர்கீப்பர் அதை எடுத்து, முறைப்படி, இருப்பவர்களிலேயே மூத்த அதிகாரியின் கையில் கொடுத்தார். இயக்குநர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பெருவிரல் தற்செயலாகப் பச்சையில் பட்டது. அந்த மையத்தில் ஒருவர் ஒரு கருவியைத் தொட்டு இயக்கியது அதுதான் முதல் தடவை.

திரையில் மகளின் முகம் வந்தது. பின்னால் கடல்.

"ஹலோ? யார் நீங்க? எங்க அப்பா எங்க?"

பக்கத்தில் எட்டிப் பார்த்த வாலிபன் விறைப்பாக நிமிர்ந்து, "வணக்கம் மாமா" என்றான்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்பார்ந்த... அன்பார்ந்த நேயர்களே..." அதற்கு மேல் வரவில்லை. விளக்க அலுவலரிடம் திரும்பி, "இவங்க பதில் பேசறாங்களேய்யா! தொடர்பு பத்தி நான் எத்தனை மேடையில பேசியிருக்கேன், எதிர்ல இருக்கறவங்க ஒருத்தர்கூடப் பதில் பேசினதில்லையே!" என்றார்.

"அப்பா!" என்று மகள் கத்தினாள். இயக்குநரின் தோளுக்குப் பின்னால் அவளுக்கு வராந்தா தெரிந்தது. "அப்பா, ஏன் சுத்திக்கிட்டே இருக்கீங்க?"

பாவம் மனுஷன், நிற்கவில்லை. பாதியில் நின்றால் போன் கிடைக்காது என்ற பயம், மகள் குரல் கேட்ட பதற்றம், இரண்டும் சேர்ந்து இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் குரல் இரண்டாவது தடவை வந்ததும்தான் கால் தானாக நின்றது. நேராக நடந்து வந்து, இயக்குநர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"யார் உங்களை நிக்கச் சொன்னது?" என்று விளக்க அலுவலர் பல்லைக் கடித்தார்.

பெயின்டர் காதில் வாங்கவில்லை. "இங்கதாம்மா இருக்கேன்."

"இவர்தாம்பா" என்று மகள் வாலிபனை இழுத்து முன்னால் நிறுத்தினாள். அவள் குரல் நடுங்கியது.

"மாமா, நான் என்ஜின் ரூம்ல மெக்கானிக். உங்க பொண்ணை நான்..."

அவ்வளவுதான். படம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, வார்த்தை பாதியில். நடுவே ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்ற ஆரம்பித்தது.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "இது என்ன, சுத்துது?"

விளக்க அலுவலரும் எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக விளக்கிய மனுஷன், கண்ணால் கண்டதில்லை. ஸ்டோர்கீப்பரைப் பார்த்தார். ஸ்டோர்கீப்பர் கூரையைப் பார்த்தார்.

"அது நான்தாங்க சார்" என்றார் பெயின்டர்.

பெயின்டருக்கு அவசரமில்லை. இத்தனை நாள் இதற்குத்தானே தவித்தார்! வெயில் விழுகிற நேரத்தில் சுவர் எதிரே நின்று ஓதம், ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது போல, அந்த முகத்தைப் பொறுமையாகப் பார்த்தார். மோவாயில் கிரீஸ் கறை. வாரியும் படியாத முடி. வயசுக்கு மீறிய கூச்சம். பையன் கேமராவைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தபோதே கண் மகள் பக்கம் போயிருந்தது. அவள் நடுங்கினாளே, அதைக் கவனித்திருக்கிறான். கை அவள் முதுகுப் பக்கம் போகிற பாதியில் நின்றிருந்தது. மாமனார் பார்க்கிறார் என்று தெரிந்தும் போன கை.

வட்டம் மறைந்தது. படம் அசைந்தது. கை போய்ச் சேர்ந்தது.

"...அப்படித்தான் மாமா பாத்துக்குவேன்" என்று முடித்தான் பையன்.

"நடுவுல நீங்க சொன்னது எதுவும் கேக்கலை தம்பி" என்றார் பெயின்டர். கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "பரவால்ல. நான் பாத்துட்டேன். சரிம்மா. சரி. ரெண்டு பேரும் போய் ரெஜிஸ்டர் பண்ணிக்கங்க."

பேக்கரி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே முதல் கேபிளின் காதில் ஏதோ சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். காது மந்தமான நடு கேபிள் ஒரே தடவையில் புரிந்துகொண்டு அடுத்தவர் தோளைத் தட்டினார். பின்னறை வாசலில் கண்டக்டரின் குரல் கணீரென்று எழுந்தது: "பெயின்டர் பொண்ணுக்குக் கல்யாணம்! மாப்பிள்ளையை அவருக்குப் பிடிச்சுப் போச்சு!"

ஒரு எழுத்து குறையவில்லை. பின்னறை முழுக்க எழுந்து கைதட்டியது. கைதட்டல் வராந்தா வழியாக முன்னறைக்கு வந்தது. இயக்குநர் அது தமக்கு என்று நினைத்து லேசாகத் தலை குனிந்தார்.

"யாருப்பா அது, இவ்வளவு பேர் கை தட்டறாங்க?" என்று மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பெயின்டர் போனை மெல்லத் திருப்பி, வராந்தாவில் வரிசையாக நின்றவர்களை ஒவ்வொருவராகக் காட்டினார்.

"நம்ம ஆளுங்கதாம்மா. இது சர்வர். இவங்க மூணு பேரும் கேபிள்."